திணையும் மாணவர் நெஞ்சமும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவனை அழைத்து, ஐந்திணை யாவை என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்லிவிடுகிறான். குறிஞ்சி என்றால் மலை, அதற்குரியது புணர்தல், முல்லை என்றால் காடு, அதற்குரியது இருத்தல், மருதத்துக்கு வயலும் ஊடலும், நெய்தலுக்குக் கடலும் இரங்கலும், பாலைக்குப் பிரிதல். பெருக்கல் வாய்பாட்டை ஒப்பிப்பதைப் போல ஒப்பிக்கிறான். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், "நீ பாலையைப் பார்த்திருக்கிறாயா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இல்லை, அது இராஜஸ்தானத்தில் இருப்பதாகப் பூகோளப் பாடத்தில் படித்தேன்" என்பான்.

இந்த விடையைக் கேட்டு நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. பாலை என்பது மணல்வெளி என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். பிரிவு என்பது பாட்டிலே வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் நேர்வது என்று சொல்லியிருக்கிறோம். இரண்டுக்கும் இடையே அவனுடைய வாழ்க்கை எங்கேயும் குறுக்கிடவில்லை. குறுக்கிடலாம் என்று அவனுக்கு யாரும் கூறவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் பெற்றோர் பலர் இதை வேறு விதமாகச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். "நாங்கள் ஆற்றையும் வயலையும் கண்டு வளர்ந்தோம், ஆகவே பாட்டு எங்களுக்கு விளங்குகிறது. இங்கே நாலாவது மாடியில் பிறந்த பிள்ளைக்கு முல்லை என்ன, நெய்தல் என்ன?" என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் மொழிப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வரும்போது இந்தக் கவலை ஒரு முடிவாகவே மாறிவிடுகிறது. தமிழை விட்டுவிட்டு, மதிப்பெண் எளிதில் வரும் வேறொரு மொழியைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறான். வீட்டிலே பேசத் தெரிந்தால் போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இலக்கியத்திலே வரும் குறிப்புப் பொருளை உணர்வதற்கு, அந்தப் பொருள் பிறந்த மண்ணிலேயே நாமும் பிறந்திருக்க வேண்டுமா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மண்ணைக் காணாதவர்கள் வெளிமாநிலப் பிள்ளைகள் மட்டும் அல்லர். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் குறிஞ்சிப் பாட்டுக்கு உரை சொன்ன ஆசிரியர்களில் அம்மலரை நேரில் கண்டவர் எத்தனை பேர்? தஞ்சையில் வளர்ந்தவருக்கு மலைச்சாரலின் நள்ளிரவு தெரியாது. கொங்கு நாட்டில் வளர்ந்தவருக்குக் கடற்கரையின் மாலைப்பொழுது தெரியாது. ஐந்து நிலத்தையும் கண்டபின்தான் பாட்டைப் படிப்பது என்றால் தமிழ்நாட்டிலேயே படிப்பவர் மிகச் சிலராகத்தான் இருப்பர்.

பழைய இலக்கணம் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தது. தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் மரம், பறவை, விலங்கு, உணவு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மனித நெஞ்சில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். மரத்தையும் பறவையையும் பேசுவதுபோலத் தோன்றி, உள்ளே மனிதனைப் பேசும் முறைக்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டார். இன்று நாம் குறியீடு என்று வழங்கும் கலையின் மிகப் பழைய தமிழ்ப் பெயர்கள் இவை எனலாம். இவ்விரண்டுக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டை உரையாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்; அதற்குள் இப்போது நாம் புக வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. அந்த ஐந்திலே பாலைக்கு மட்டும் அவர் நிலம் வகுக்கவில்லை. நால்வகை நிலமே அவர் சொல்வது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் நல்லியல்பு இழந்து திரியும்போது பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று பிற்காலத்தில் இளங்கோவடிகள் விளக்குகிறார். ஆகவே பாலை நிலப்படத்தில் காட்டக்கூடிய ஓர் இடம் அன்று. எந்த இடத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலை. பூகோளப் பாடத்தில் அதைத் தேடிய மாணவனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

தில்லியிலே வாழும் மாணவனுக்கு இதை எப்படிக் காட்டுவது? மாசி மாதக் கடைசியில், குளிர் விலகியும் விலகாமலும் இருக்கும் நாட்களில், அவ்வூரின் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் உயர்ந்த மரங்கள் சில ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும். கிளை முழுவதும் சிவந்த பெரும் பூக்கள். காக்கையும் மைனாவும் தேனுக்காகக் கூடி இரைச்சலிடும். பூ விழுந்தால் காம்போடு 'தொப்' என்று விழும். இந்தியில் இதைச் செமல் என்பார்கள், வங்காளத்தில் ஷிமுல், மராட்டியில் காட்டேசாவர். தமிழில் இதன் பெயர் இலவம். ஔவையார் பாடிய அகநானூற்றுப் பாட்டு ஒன்றில், தலைவன் பிரிந்துபோன வறண்ட காட்டு வழியிலே இந்த மரம்தான் நிற்கிறது. இலையின்றிப் பூத்து நிற்கும் அதன் தோற்றத்தை, மகளிர் கூட்டமாகக் கூடி ஏற்றிய விளக்குகளின் வரிசைக்கு ஒப்பிடுகிறார் புலவர். பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலமும் உரியது என்பது தொல்காப்பியர் விதி. மாசியும் பங்குனியும் பின்பனி. மரமும் சரி, பருவமும் சரி, அந்த மாணவன் நாள்தோறும் பள்ளிப் பேருந்தின் சன்னலில் காண்பவையே.

பிரிவும் அவனுக்குப் புதியதா? மைய அரசு அலுவலர், இரயில்வே ஊழியர், வங்கி அலுவலர், படைவீரர் ஆகியோருக்குப் பணிமாற்ற ஆணை பெரும்பாலும் பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில் வரும். இலவம் பூக்கும் நாட்களில் அந்தப் பேச்சு வீடுதோறும் அடிபடத் தொடங்கும். எதிர்வீட்டு நண்பன் கௌஹாத்திக்குப் போகிறான். மிதிவண்டிகளையும் புத்தக மூட்டைகளையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். மாலையில் அந்த வீட்டின் கதவிலே ஒரு பூட்டுத் தொங்குகிறது. பத்து வயதிலே இதைக் கண்டவனுக்குப் பாலையின் உரிப்பொருளை வேறு யார் கற்பிக்க வேண்டும்? பெயர் ஒன்றுதான் குறைவு. அதை நாம் கொடுத்தால், அவன் கண்ட மரமும் அவன் இழந்த நண்பனும் ஒரே பாட்டில் வந்து நிற்கும்.

இப்படிச் சொன்னதும் ஓர் எளிய வழி கண்டுவிட்டோம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எல்லாப் பொருளும் இவ்வாறு பொருந்தி வருவதில்லை. வகுப்பிலே ஒரு முறை முல்லைத்திணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கார்காலம் வந்ததற்கு அடையாளமாகக் கொன்றை பூக்கும். அது பூத்தால் பிரிந்த தலைவன் திரும்ப வேண்டும் என்றேன். ஒரு மாணவி எழுந்து, "கொன்றை என்பது இங்கே அமல்தாஸ் என்கிறார்களே, அந்த மரம்தானே? அது மே மாத வெயிலில் அல்லவா பூக்கிறது? மழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே!" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. சித்திரை பிறக்கும்போதே கேரள நாட்டில் விஷுக் கனியில் அந்தப் பூவை வைக்கிறார்கள். தில்லியில் அனல் வீசும் நாட்களில் தெருவெல்லாம் அதன் மஞ்சள் சரங்கள் தொங்குகின்றன. சங்கப் பாட்டிலோ அது ஆவணி, புரட்டாசி மாதங்களின் மழையோடு சேர்ந்த மலர்.

அவள் கேள்வியைத் தள்ளிவிடாமல், குறுந்தொகையிலிருந்து இரண்டு பாட்டுக்களை வகுப்பிலே படித்துக் காட்டினேன். ஒன்று கோவர்த்தனார் பாடியது. தலைவன் சொல்லிச் சென்ற பருவம் வந்துவிட்டதே என்று தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி, அவள் மனத்தைத் தேற்ற, கொன்றை மரத்தைப் பழிக்கிறாள். அந்த மரங்களுக்கு அறிவில்லை. காலம் அல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று தவறாக எண்ணிப் பூத்துவிட்டன என்கிறாள். மற்றொன்று ஓதலாந்தையார் பாடியது. இங்கே பேசுகிறவள் தலைவியே. கொன்றை பூத்த காடு, 'இது கார்காலம்' என்று கூறினாலும் தான் நம்பப்போவதில்லை. ஏனென்றால் அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள்.

இந்த இரண்டு பாட்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. கொன்றை என்றால் கார், கார் என்றால் திரும்பி வருதல் என்னும் வாய்பாடு அந்தப் பெண்களுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் அதற்கு அடிமையாகவில்லை. ஒருத்தி மரம் ஏமாந்தது என்கிறாள்; மற்றொருத்தி காடே பொய் சொல்கிறது என்கிறாள். இயற்கையோடு வழக்காடுகிறார்கள். அந்த வழக்காட்டத்திலேதான் அவர்களுடைய அச்சமும் நம்பிக்கையும் தெரிகின்றன. வாய்பாட்டை மட்டும் கற்பித்தால் இந்தச் சுவை முழுவதும் போய்விடும். மே மாதத்தில் கொன்றை பூக்கிறதே என்று ஐயுற்ற மாணவி, பாட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டாள். அந்தத் தோழியும் ஐயுற்றவள்தானே? மரத்தையும் நாட்காட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கோ பொருந்தவில்லை என்று கண்டவள்தானே?

பொருந்தாமல் வருவதற்கும் தொல்காப்பியர் இடம் வைத்திருக்கிறார் என்பது இன்னும் வியப்பானது. ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ, தனக்குரிய நிலமும் பொழுதும் இல்லாத இடத்திலே தோன்றினால் என்ன செய்வது? அது தான் வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அவர் விதி. மலையின் பூ கடற்கரைக்கு வந்தால் கடற்கரைக்குரியதாகிவிடும். அயல் நிலத்துப் பொருள் என்று விலக்கும் வழக்கம் இல்லை. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் இருந்துகொண்டு இந்தச் சூத்திரத்தைப் படிக்கும்போது, பூவையும் பறவையையும் தவிர வேறு சிலரும் நினைவுக்கு வருவார்கள். இலக்கண ஆசிரியர் நம்மை எண்ணி எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நாம் அதைப் படித்து ஆறுதல் அடைவதற்குத் தடை இல்லை.

இனி, ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உன் அனுபவத்தோடு பொருத்திப் பார் என்று சொல்வதனாலே, எதை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் குறியாகக் கொள்ளலாம் என்று மாணவன் நினைத்துவிடக் கூடாது. வெண்மை என்றால் தூய்மை, விளக்கு என்றால் அறிவு, ஆறு என்றால் வாழ்க்கை என்று எழுதப் பழகிவிட்டால் அவன் எதையும் பார்க்க மாட்டான். கபிலர் பாடிய குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைவன் தன்னை மணந்த அன்று சாட்சியாக வேறு யாருமே இல்லை என்கிறாள் தலைவி. அவன் பொய்த்தால் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாள். ஒரு குருகு மட்டும் இருந்ததாம். அதன் கால்கள் தினைத்தாளைப் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தன. ஓடும் நீரிலே ஆரல் மீன் வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு அவ்வளவுதான்.

அந்தக் குருகு எதன் குறி? 'தனிமையின் குறி' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் காலின் மெலிவைப் பார்த்தவள், அது மீனை நோக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள், அந்த நாளை எவ்வளவு கூர்மையாக நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பறவைக்குத் தன் வயிற்றைப் பற்றித்தான் கவலை. சாட்சி சொல்ல அது வராது. ஒருவேளை அவனும் அப்படித் தன் இரையை நோக்கி நின்றவன்தானோ என்னும் ஐயமும் அதனுள்ளே இருக்கிறது. பொருளைச் சரியாகப் பார்த்தபிறகே உட்பொருள் வரும். ஆகையால் மாணவனிடம் முதலில், "நீ கண்டது என்ன? அதன் கால் எப்படி இருந்தது? அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்க வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்னும் கேள்வியைச் சில நாள் தள்ளியே வைக்கலாம். என் கருத்தில், அதைக் கேட்காமலே விட்டாலும் பெரிய நட்டம் இல்லை.

மற்றோர் எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. வாழ்க்கையோடு இணைத்துப் பார்க்கச் சொல்லும்போது, வகுப்பிலே நாற்பது பேர் நடுவில் மாணவனின் சொந்தத் துயரத்தைக் கேட்டு வாங்கிவிடக் கூடாது. தந்தையை இழந்த சிறுவன் இருப்பான். தாயும் தந்தையும் பிரிந்து வாழும் வீட்டிலிருந்து வரும் சிறுமி இருப்பாள். "பிரிவைப் பற்றி உன் அனுபவத்தை எழுது" என்று பலகையில் எழுதிப் போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? பொய்யாக ஒன்றை எழுதிக் கொடுப்பார்கள். அல்லது எழுதிவிட்டு வருந்துவார்கள்.

நம் முன்னோரின் முறை இந்த இடத்தில் மிகுந்த நாகரிகம் வாய்ந்தது. அகப்பாட்டில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. தலைவன், தலைவி, தோழி, தாய் என்னும் பொதுப்பெயர்களே வரும். சொல்ல முடியாததை மரத்தின்மீதும் பறவையின்மீதும் ஏற்றிச் சொல்வார்கள். நற்றிணையில் ஒரு நெய்தற் பாட்டு. சிறுமியாக இருந்தபோது தோழிகளோடு விளையாடி, மணலிலே அழுத்தி மறந்துவிட்ட ஒரு விதை புன்னையாக முளைத்தது. நெய் கலந்த பாலை ஊற்றி அதை வளர்த்தார்கள். அந்த மரம் உன்னைவிடச் சிறந்தது, அது உனக்குத் தங்கை என்றாள் தாய். இப்போது தலைவன் வந்து அதன் நிழலில் பேச நின்றால், தங்கையின் எதிரில் சிரித்துப் பேச நாணமாக இருக்கிறதாம். வேறு நிழல் இல்லையா என்று கேட்கிறாள். அவன் காலம் தாழ்த்தாமல் மணம் பேச வரவேண்டும் என்பது இதன் கருத்து. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. புன்னையைப் பற்றித்தான் பேசினாள்.

இந்த வழியை மாணவருக்கும் திறந்துவிடலாம். வீட்டைப் பற்றி எழுத வேண்டாம். வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பற்றி எழுது என்று சொல்லலாம். ஒருவன் ஊருக்குப் போகும்போது மட்டும் மேலிருந்து இறக்கப்படும் தகரப் பெட்டியைப் பற்றி எழுதுவான். மற்றொருத்தி, பாட்டி வந்திருந்தபோது வாசலில் போட்ட கோலம் மறுநாள் காலடிபட்டுக் கலைந்ததை எழுதுவாள். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் கேட்க வேண்டிய தேவை இல்லை.

வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர் இந்த இலக்கியத்துக்கு அயலார் அல்லர் என்பதற்குச் சான்று வேண்டுமானால் ஏ. கே. இராமாநுஜனை நினைக்கலாம். 1929-இல் மைசூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதினார். அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். குறுந்தொகைப் பாட்டுக்களை அங்கிருந்துகொண்டே ஆங்கிலத்தில் ஆக்கி 1967-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலுக்கு 'அகத்தின் நிலக்காட்சி' என்று பொருள்படும் பெயரை வைத்தார். குறிஞ்சி மலையும் நெய்தற் கரையும் சிகாகோவில் இல்லை. ஆயினும் உலகில் பலர் இன்று சங்கப் பாட்டை அறிவது அவர் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே.

பெற்றோர்களுக்கு ஒரு சொல் கூறி முடிக்கிறேன். பாலை பாடிய பெருங்கடுங்கோ குறுந்தொகையில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். பொருள் தேடிச் சென்றவனை நினைத்து வருந்தும் தலைவியிடம் தோழி சொல்கிறாள்: அவர் போன வழியிலே, தன் பிடியின் பசியைத் தீர்க்கக் களிறு யாமரத்தின் பட்டையை உரித்து ஊட்டும். அதைக் கண்டவர் அங்கேயே தங்கிவிட மாட்டார் என்பது குறிப்பு. பிழைப்புக்காகத் தொலைவு வந்தவர்கள் நாம். ஊரிலிருந்து திரும்பும் இரயிலில், நாகபுரிக்கும் போபாலுக்கும் இடையே காய்ந்த காடுகளைக் கடக்கும்போது, இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லலாம். திணைப்பெயரும் துறைப்பெயரும் அப்போது வேண்டியதில்லை.

தில்லியிலோ கல்கத்தாவிலோ இருப்பவர்கள் பின்பனிக் காலத்தில் தெருவிலே விழுந்து கிடக்கும் இலவம்பூ ஒன்றை எடுத்து வாருங்கள். தடித்த ஐந்து இதழ்கள், கையில் கனக்கும். அதன் தமிழ்ப் பெயரை மட்டும் சொல்லிப் பிள்ளையின் மேசையில் வைத்துவிடுங்கள். ஔவையாரின் பாட்டை, அவனாக வந்து கேட்கும் நாளிலே எடுத்துக் காட்டலாம்.